படத்தில் ஆள் உண்டு

படத்தில் இருப்பது மனுஷன்தான். அதில் காளீஸ்வரிக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்து, குத்துக்காலிட்டு, முழங்கால் மேல் இரண்டு கையையும் தொங்கப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தலைமயிரில் தொடங்கிக் கால் நகம் வரைக்கும் ஒரே வெள்ளி நிறம். இமை வெள்ளி, உதடு வெள்ளி, இடுப்புக் கைலியும் வெள்ளி. அந்தப் படம் இப்போது சிவப்புக் கோடு கட்டிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்திருக்கிறது. சாத்தூர் பைபாஸ் ஓரம் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிற இந்த மாடியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நடக்கிற வேலை இதுதான்: கம்ப்யூட்டரில் வருகிற படத்தைப் பார்த்து, அதில் என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் எழுத வேண்டும். அதைப் படித்துப் படித்து எங்கோ ஒரு மெஷின் உலகத்தைத் தெரிந்துகொள்ளுமாம். ஒரு படத்துக்கு மூன்று பேர், ஒருத்தர் எழுதுவது இன்னொருத்தருக்குத் தெரியாது. இரண்டு பேர் எழுதியது ஒத்துப்போனால் அதுதான் உண்மை. ஒத்துப்போகாத மூன்றாவது ஆளுக்குப் படம் சிவப்புக் கோட்டோடு திரும்பும், மற்றவர்கள் எழுதியது பெயரில்லாமல் கீழே வரும், யோசித்து மாற்றிக்கொள் என்று. மாற்றவில்லை என்றால் அது ஒரு முரண். காளீஸ்வரியின் கணக்கில் முரண் விளிம்பு வரை வந்து நிற்கிறது. இன்னும் ஒன்று விழுந்தால் மாடிப்படி இறங்க வேண்டியதுதான், திரும்ப ஏற முடியாது. மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் படம் பூட்டிக்கொள்ளும். அதுவரைக்கும் நேரம். அவள் எழுதியது, எ மேன் சிட்டிங் அண்டர் எ ட்ரீ. தேர் இஸ் ஒன் மேன் இன் திஸ் பிக்சர். அவர்கள் எழுதியது, எ சில்வர் ஸ்டேச்சூ அண்டர் எ பிக் ட்ரீ. தேர் ஆர் நோ பீப்பிள் இன் திஸ் பிக்சர்.

நோ பீப்பிள். நோ பீப்பிள். ஸ்டேச்சூ என்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள், தூரத்துக்காரர்கள், வெள்ளி நிறத்தில் மனுஷனைக் கண்டிருக்க மாட்டார்கள், பெரிய ஊர்க் கடைவீதிகளில் உடம்பில் சாயம் பூசி அசையாமல் நிற்பார்களாமே அதைக் கண்டிருப்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது வரி. வேலைக்குச் சேர்ந்த வாரம் நவநீதன் சார் போர்டில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார், அவர்தான் டீம் லீடர், மதுரைக்காரர், கோபமே வராது, கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இங்கிலீஷ்ல ஒரு பொருள் தனியா வெளியே வராதும்மா, தலையில ஏதாவது வச்சுக்கிட்டுத்தான் வரும், எ வரும், தி வரும், சம் வரும், ஒன் டூ த்ரீ வரும், இல்லேன்னா நோ வரும். அந்த இடத்தை மொதல்ல நிரப்பு, அப்புறம் எப்படிப்பட்டதுன்னு வரிசையா சொல்லு, பெருசா சின்னதா, புதுசா பழசா, என்ன கலரு, எதுல செஞ்சது, கடைசியிலதான் பொருள். எ ஸ்மால் ஓல்ட் ரெட் பிளாஸ்டிக் பக்கெட். வகுப்பு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தது, ஓல்ட் ரெட் ஸ்மால் என்று ரெஜினா மாற்றிச் சொன்னதும் அர்த்தம் கெடாமலே என்னவோ கோணிக்கொண்டது, எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, ஆனால் எல்லாருக்கும் கோணல் தெரிந்தது. அதிலிருந்து காளீஸ்வரிக்குக் கண் கெட்டுப்போனது. பஸ்ஸில் ஏறினால் எ டால் யங் கண்டக்டர். வீட்டில் அம்மா தோசை வார்த்தால் எ பிளாக் அயர்ன் தவா, அதன் மேல் எ தின் ஒயிட் தோசா. இரவு படுத்தால் டூ ஓல்ட் காட்டன் பில்லோஸ். அம்மாவைப் பார்த்து என்ன சொல்வது என்று மட்டும் தடுமாறும். மை மதர் என்று மனசு சொல்லும், அது விதியில் கிடையாது. மை என்றோ, எங்கள் என்பதற்கு அவர் என்றோ எழுதக் கூடாது, படத்தில் இருக்கிறவர் யாருக்கு என்ன வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்பார் நவநீதன் சார். குட் கூடாது, பியூட்டிஃபுல் கூடாது, டயர்டு கூடாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும். டர்ட்டி எழுதலாம். அவளுக்கு அது அப்போதே உறுத்தியது, அழுக்கு கண்ணுக்குத் தெரியுமாம், களைப்பு தெரியாதாம். கேட்கவில்லை. அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை, அவள் பேசுவது பக்கத்து நாற்காலிக்கே எட்டாது. ஒரே ஒருநாள் மட்டும் கேட்டாள், எதுக்கு சார் ஒவ்வொரு படத்துக்கும் கடைசியில ஆள் கணக்கு என்று. எங்கயாச்சும் தீப்பிடிச்சா, கட்டடம் இடிஞ்சா, மேலேயிருந்து கேமரா பாத்து உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லணும்ல, அதுக்கா இருக்கும், நமக்கு யாரும்மா வெவரம் சொல்றா, என்றார். அதுக்கா இருக்கும். அவர் விளையாட்டாகச் சொன்னது. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நோ என்பது பார்க்க எவ்வளவு சாதுவான சொல். எ உட்காருகிற அதே இடத்தில்தான் அதுவும் உட்காருகிறது, அதே பணிவோடு, பின்னால் வருகிற ஆளை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. தமிழில் ஆள் இல்லை என்று சொன்னால் முதலில் ஆளை வாயால் சொல்லியாக வேண்டும், சொன்ன பிறகுதான் இல்லை ஆக்க முடியும், ஒரு நொடியாவது ஆள் இருந்தான். அப்படி நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. இங்கிலீஷைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, சீனியம்மாள் அத்தையைத் தமிழில்தானே இல்லை என்றார்கள். "என்னம்மா காளி, இன்னும் அதையே பாத்துக்கிட்டிருக்கே?" தலைக்கு மேலே குரல் கேட்டது. நவநீதன் சார் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார், கையில் டீ கிளாஸ். "ரெண்டு பேர் ஒத்துப்போயிட்டாங்க. நீயும் ஸ்டேச்சூன்னு போட்டு விட்டுரு, மணி அடிக்கப் போகுது." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "அது ஆள் சார்," என்றாள். "எதை வச்சுச் சொல்றே?" "காலைப் பாருங்க சார், செருப்பு இல்ல." "செலைக்கு மட்டும் செருப்பா போட்டிருப்பாங்க?" பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். காளீஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. வெடிமருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, உரசினால் பொறி வரும், அதனால் பவுடர் அள்ளுகிறவர்கள் எல்லாரும் வெறுங்கால்தான், பட்டாசு வேலைக்குப் போகிற எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இது தெரியும் என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முழுசாக மனசில் இருந்தது. வெளியே வந்தது, "அலுமினியப் பவுடர் சார், ஃபேன்சி வெடிக்கு," என்பது மட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்தார். "இருக்கலாம்மா. நான் இல்லேங்கலே. ஆனா நாம நிஜம் என்னன்னு கண்டுபிடிக்க உக்காரலே. ஒத்துப்போறதுக்கு உக்காந்திருக்கோம். உனக்கு இன்னொரு முரண் விழுந்தா என்னால தாங்கிப்பிடிக்க முடியாது, அது மேலே தானா போயிரும். நல்லா வேலை செய்ற பொண்ணு நீ. ஒரு செலைக்காகப் போகணுமா?" ஒரு செலைக்காக. அவர் போன பிறகும் டீ வாசனை கொஞ்ச நேரம் நின்றது. நல்லவர்தான். நல்லவர்கள் சொல்லும்போதுதான் கை தானாக அழிக்கிற பட்டனுக்குப் போகிறது. போயிற்று. எ மேன் என்பதில் மேனை அழித்தாள். எ என்று மட்டும் திரையில் நின்றது, அதன் பக்கத்தில் கோடு மினுக் மினுக் என்று, யாரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாய் என்பதுபோல.

அத்தையும் பட்டாசு ஆலையின் நாலரை மணி வேனில் வந்து இறங்கும்போது இப்படி வெள்ளியாகத்தான் இருக்கும். தெருப் பிள்ளைகள் வெள்ளிச் சாமி வருது வெள்ளிச் சாமி வருது என்று ஓடும், அதில் காளீஸ்வரியும் ஓடியிருக்கிறாள், அப்பாவுடைய கூடப்பிறந்த அக்கா என்று தெரிந்தே ஓடியிருக்கிறாள், ஒருதரம் பயந்து அழுதும் இருக்கிறாள். அத்தை அதற்கும் சிரிக்கும், சிரித்தால் பல்லும் நாக்கும் மட்டும் ஆள் நிறத்தில் இருக்கும். கிணற்றடியில் சீயக்காயைத் தேய்த்து ஊற்ற ஊற்றச் சாம்பல் தண்ணீராக ஓடும், வாய்க்கால் முழுக்க மினுமினுக்கும், எவ்வளவு தேய்த்தாலும் காதுக்குப் பின்னாலும் நகக்கண்ணிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அந்தக் கையாலேயே சோறு பிசைந்து ஊட்டும். அத்தைக்கு நடந்ததைக் கதையாகச் சொல்வதென்றால் அத்தையே சொல்ல வேண்டும், இடது காது கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லும். "சாப்பாட்டு நேரம்டி. எல்லாரும் கேட்டுக்கு அந்தப் பக்கம் மரத்தடிக்குப் போயிட்டாக. எனக்கு ஒரே அலுப்பு, எந்திரிக்கச் சடவா இருந்துச்சு, அறை வாசல்லயே செவத்துல சாஞ்சு கண்ண மூடிட்டேன். பக்கத்து அறை போயிருச்சு. டமார்னு எனக்குக் கேக்கவே இல்ல, செவம் போல உக்காந்திருக்கேன், கை அசைய மாட்டேங்குது, வாய் தொறக்க மாட்டேங்குது. தண்ணிவண்டி வருது, காக்கிச்சட்டை வருது. போர்மேன் நின்னு சொல்றான், சாப்பாட்டு நேரம் சார், உள்ளே ஆள் இல்லேங்கிறான். என்னைப் பாத்துக்கிட்டே சொல்றான்டி. என்னைத் தாண்டித்தான் ஓடுறாக எல்லாரும், ஒருத்தன் என் கால மிதிச்சிட்டே ஓடுறான். சாக்குமூட்டைன்னு நெனச்சானோ, பொம்மைன்னு நெனச்சானோ. நான் உள்ளுக்குள்ள கத்துறேன், இருக்கேன்யா, இருக்கேன்யான்னு. எங்கிருந்தோ ஒரு ஆடு வந்து முந்தானையக் கடிச்சு இழுக்கவும், சீ சனியனேன்னு வாயில வந்துச்சு பாரு. அப்பத்தான், ஏ பொம்பளைடேங்கிறானுக." இந்த இடத்தில் கேட்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், அத்தையும் சிரிக்கும், அப்பா மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். காளீஸ்வரியும் வருஷக்கணக்கில் சிரித்தாள். ஆடு வந்திராவிட்டால் என்ற நினைப்பு அவளுக்கு வர இந்த மாடிக்கு வேலைக்கு வர வேண்டியிருந்தது. போர்மேன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்கிறது. அவன் கண்ணால் பார்த்தான், பார்த்ததில் ஆள் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆள் இருக்காது என்று அவனுக்குத் தெரியும், கூட நின்றவனுக்கும் தெரியும், இரண்டு பேர் ஒத்துப்போனார்கள். வெள்ளியாக அசையாமல் இருந்தது ஆட்டுக்கு மட்டும்தான் ஆளாகத் தெரிந்தது. அந்த ஆட்டுக்கு முரண் போட யாரும் இல்லை.

மேன் என்று திரும்ப அடித்தாள். எ மேன். அதோடு நிறுத்த மனசு வரவில்லை. எ யங் மேன், கழுத்தைப் பார்த்தால் வயசு தெரிகிறது. எ தின் யங் மேன், விலா எலும்பு தெரிகிறது. எ தின் யங் மேன் கவர்டு வித் சில்வர் பவுடர். சில்வர் என்ற சொல்லை அவன் முன்னால் வைத்தால் அவனே வெள்ளியால் ஆனவன் ஆகிவிடுகிறான், பவுடருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிற ஆள் ஆகிவிடுகிறான். கிணற்றடி வாய்க்கால் மினுமினுக்கிறது. "ஏண்டி, மாத்திட்டியா?" பக்கத்து நாற்காலியிலிருந்து ரெஜினா கிசுகிசுத்தாள். ரெஜினாதான் இங்கே அவளுக்கு உண்டான ஒரே சிநேகிதி, திருத்தங்கல்காரி, முரணே விழாதவள். முதல் வாரத்திலேயே அதன் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்: நீ பாக்கிறத எழுதாதடி, மத்த ரெண்டு பேரும் என்ன எழுதுவாங்களோ அத எழுது. அன்றைக்கு அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இட்லித் தட்டைப் பார்த்தால் ஒயிட் கேக்ஸ், பனையோலைப் பெட்டியைப் பார்த்தால் எ ஸ்மால் பாஸ்கெட், மொட்டை போட்ட குழந்தையைப் பார்த்தால் எ பால்டு பேபி, எங்கோ இருக்கிற இரண்டு பேரின் கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டு எழுதினால் பச்சை விளக்கு எரியும். அந்த இரண்டு பேரும் இவளுடைய கண்ணை நினைத்து எழுதுகிறார்களோ என்னவோ. எல்லாரும் எல்லாருடைய கண்ணாலும் பார்த்து, கடைசியில் படத்தை யார்தான் பார்த்தது? "மாத்தல," என்றாள் காளீஸ்வரி. "கிறுக்கு. உனக்கென்ன அவன் மாமனா மச்சானா. நம்ம பக்கத்து ஆளுன்னு எனக்கும்தான் தெரியும். பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, எங்க சித்தப்பா கணக்கா இருக்கான்." "ஒனக்கு எப்படித் தெரியும்? இந்தப் படம் எங்கிட்டல்ல வந்திருக்கு." ரெஜினாவின் விரல் கீபோர்டின் மேல் நின்றுபோனது. அவள் திரும்பவில்லை. கழுத்துச் செயினில் இருக்கிற சின்னச் சிலுவையைப் பல்லில் கடித்தாள், மாட்டிக்கொண்டால் அவள் செய்வது. "வெளியூர்க்காரன் ஸ்டேச்சூன்னுதான் போடுவான்னு தெரியும்டி," என்றாள் மெதுவாக. "போட்டான்ல. சரியாத்தான கணிச்சேன்." அப்படியானால் அந்த இரண்டில் ஒன்று. இந்த நாற்காலியிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். காளீஸ்வரி கோபத்துக்குக் காத்திருந்தாள், வந்தது வேறு என்னவோ, போர்மேனுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டிய அந்த இன்னொருத்தனின் முகம் இத்தனை வருஷத்துக்குப் பிறகு தெரிந்த மாதிரி. அவனுக்கும் சித்தப்பா இருந்திருப்பார். "ஒங்க சித்தப்பாவ இல்லேன்னு எழுதிட்டியே ரெஜி," என்றாள்.

மணி அடித்தது. நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன, டிபன் பைகளின் ஜிப்புகள் திறந்தன, யாரோ இன்னைக்கும் தக்காளிச் சாதமா என்று அலுத்துக்கொண்டே படி இறங்கினார்கள், சாப்பாட்டுக் கூடம் கீழே பின்புறம். காளீஸ்வரி கடைசி வரியை ஒருதரம் படித்தாள், தேர் இஸ் ஒன் மேன், படித்துவிட்டு அனுப்பு என்ற பட்டனை அழுத்தினாள். படத்தின் மேல் பூட்டுப் படம் விழுந்தது. மூலையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி மஞ்சளாகாமலே நேராகச் சாம்பலாகிப்போனது. அவ்வளவுதான். நாளைக்கு இந்த நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள், மத்த ரெண்டு பேரையும் போல எழுதக் கற்றுக்கொள்வாள், அந்த மெஷின் தன் பாட்டுக்கு ஸ்டேச்சூ என்றே படித்துக்கொள்ளும், இவள் எழுதியது எங்கேயாவது ஒரு மூலையில் தள்ளுபடியாகக் கிடக்கும். கிடக்கட்டும். தள்ளுபடியான இடத்திலாவது அவன் மனுஷனாகக் கிடக்கட்டும். அம்மாவுக்கு என்ன சொல்வது, வேன் ஏறி மருந்து அறைக்குப் போய்விடாதே தாயி, எழுத்து வேலைக்குப் போ என்று அத்தை காதுத் தோட்டைக் கழற்றிக் கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்த்துவிட்டதே அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கச் சடவாக இருந்தது. முதுகை நாற்காலியில் சாய்த்தாள். கையைத் தொடை மேல் போட்டாள். கண்ணை மூடினாள். ஏசிக் காற்று, வெளியே பைபாஸில் லாரி, மூடிய இமைக்குள் சிவப்பும் அதற்குள் வெள்ளிப் பொட்டுகளும். கதவருகே செல்போன் அடித்தது. நவநீதன் சாரின் குரல். "சொல்லுங்க இருளப்பண்ணே." கீழே வாட்ச்மேன் இருளப்பனின் குரல் போனை மீறி இரைந்தது, எலக்ட்ரீசியன் வந்து நிக்கிறான் சார், மெயினை இறக்கிரலாமா, மேல ஆள் இருக்கா? பாதி திறந்த இமை வழியாக அவளுக்குத் தெரிந்தது: நவநீதன் சார் கண்ணாடி வழியாக வரிசை வரிசையாகப் பார்த்தார், அவளையும் பார்த்தார், பார்வை அவள் மேல் ஏறி இறங்கி அடுத்த நாற்காலிக்குப் போயிற்று. "இறக்குங்கண்ணே. சாப்பாட்டு நேரம்ல. மேல யாரும் இல்ல."

அவளுக்குள் எதுவோ எழுந்து நின்றது. அத்தையின் உள்ளே கத்திக் கத்தி வெளியே வராமல் போனதெல்லாம் இத்தனை வருஷம் கழித்து இந்த மெல்லிய தொண்டை வழியாக வெளியே வந்தது. "சார்," என்றாள் காளீஸ்வரி. கண்ணாடிச் சன்னலில் பட்டுத் திரும்பிய குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. "ஆள் இருக்கு."

நவநீதன் சார் போனைக் காதில் வைத்தபடி திரும்பினார். இப்போது பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போனுக்குள் இருளப்பன், என்ன சார், எத்தனை ஆள் என்று கேட்பது கேட்டது. காளீஸ்வரி ஒன்று என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"ரெண்டு," என்றாள் பக்கத்து நாற்காலியில் ரெஜினா. அவளும் எழுந்திருக்கவே இல்லை.